ராகிச் செடிக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவும் ஒரு மூட்டை யூரியாவும்

காரிமங்கலம் பக்கம் இரண்டு ஏக்கரில் மானாவாரி ராகி போடும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "செடிக்குள்ளேயே குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துத் தரும் பாக்டீரியா என்று ஒரு திரவத்தை லிட்டர் 900 ரூபாய்க்கு விற்கிறார்கள். இதைத் தெளித்தால் யூரியாவே வேண்டாம் என்கிறார்கள். செடிக்குள் பாக்டீரியா புகுந்தால் அது நோய் அல்லவா? வாங்கலாமா?"

இதில் இரண்டு கேள்விகள் வெளியே தெரிகின்றன. உள்ளே இன்னொன்று இருக்கிறது, அதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன்: ஆடிப்பட்டத்துக்கு யூரியா வாங்க எடுத்து வைத்திருக்கும் பணத்தை இதில் போட்டுவிட்டு, கதிர் பிடிக்கும் நேரத்தில் பயிர் வெளுத்துப் போனால் என்ன செய்வது? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். ஆனால் அதற்கு முன் அந்தப் பாக்டீரியாக்களின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் பதிலும் விற்பவரின் பேச்சைப் போல நம்பினால் நம்பு என்கிற வகையில் ஆகிவிடும்.

நான் வேளாண் நுண்ணுயிரியல் படித்தவன். உயிர் உரம் தயாரிக்கும் கூடத்திலும், பாலக்கோடு, ராயக்கோட்டை வட்டாரத்துச் செம்மண் காடுகளிலுமாக இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் பாட்டிலை நான் கண்ணால் பார்த்ததில்லை, சோதித்ததும் இல்லை. ஆகவே அந்தச் சரக்கைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ நான் தீர்ப்புச் சொல்லவில்லை. அது செய்வதாகச் சொல்லப்படும் வேலையைப் பற்றித்தான் பேசுகிறேன்.

செடிக்குள் பாக்டீரியா இருப்பது உண்மை. இதில் சந்தேகமே இல்லை. உங்கள் வயலில் நன்றாக வளர்ந்திருக்கும் ராகிச் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரைக் கழுவி, சாராயத்திலும் பிறகு குளோரின் கலந்த சலவைக் கரைசலிலும் குறிப்பிட்ட நேரம் ஊறவைத்து, சுத்தமான நீரில் பல முறை அலசி எடுத்தால் வேரின் மேல்தோலில் ஒட்டியிருக்கும் உயிரெல்லாம் செத்துவிடும். கடைசியாக அலசிய நீரில் ஒரு சொட்டை ஊட்டக்கூழ்த் தட்டில் தடவி வைப்போம். அதில் ஒன்றும் முளைக்கக் கூடாது. அதன் பிறகு அதே வேரை அரைத்து வேறொரு தட்டில் தடவினால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு என்று புள்ளி புள்ளியாகக் கூட்டங்கள் எழும்பும். அவை வேருக்கு உள்ளே இருந்தவை. ஒரு கிராம் வேரில் ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி வரை எண்ணிக்கை வருவது சாதாரணம். தண்டிலும் இலையிலும் இதைவிடக் குறைவு. தட்டில் வளர மறுப்பவை இன்னும் எத்தனையோ. அவற்றை மரபணுவை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

இவை நோய்க்கிருமிகள் அல்ல. நோய்க்கிருமி செல்லை உடைத்துத் தின்னும், அல்லது சாறு போகும் குழாயை அடைக்கும். இவை பெரும்பாலும் செல்களுக்கு இடையிலுள்ள சந்துகளில் செடி கசியவிடும் சர்க்கரையையும் அமிலங்களையும் உண்டு வாழ்கின்றன. உள்ளே நுழைவதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. பக்கவேர் கிளம்பும்போது தாய்வேரின் தோல் வெடிக்கிறதே, அந்த வெடிப்புதான் முக்கிய வாசல். வேர் நுனி, இலைத்துளை, பூச்சி கடித்த காயம் இவையும் உண்டு. நம் நிலக்கடலையில் வேர்முடிச்சு போடும் ரைசோபியம் இனப் பாக்டீரியாவும் இந்த வெடிப்பு வழியாகத்தான் நுழைகிறது. பல பயறுகளில் வேர்த்தூவி வழியே நுழையும் அதன் உறவினர்களைப் போல அது பாதை போடுவதில்லை.

இன்னொரு வாசலும் இருக்கிறது, விற்பவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள்: விதை. பல தானியங்களில் தாய்ச்செடியின் பாக்டீரியாக்களில் ஒரு பங்கு விதைக்குள்ளேயே அடுத்த தலைமுறைக்குப் போகிறது. போன வருடத்துக் கதிரில் நல்லதாகப் பார்த்துத் தட்டி, சாம்பல் கலந்து பானையில் வைத்திருக்கும் ராகியில் ஏற்கெனவே ஒரு கூட்டம் காத்திருக்கிறது. மண்ணிலிருந்து வேறொரு கூட்டம் வரும். பாட்டிலில் வருவது மூன்றாவது ஆள். காலி வீட்டுக்குக் குடிவரும் வாடகைக்காரனைப் போல அதை நினைத்துவிடாதீர்கள். ஆட்கள் நிறைந்த வீட்டில் ஒரு மூலை தேடி வருகிறது.

இனி தழைச்சத்துக்கு வருகிறேன். இந்தக் கதை பிரேசிலில் தொடங்குகிறது. செக்கோஸ்லோவாக்கியாவில் 1924-ல் பிறந்து, பிரேசிலுக்குக் குடிபெயர்ந்து, 1951 முதல் அங்கேயே மண் நுண்ணுயிர்களை ஆராய்ந்த யோஹானா டொபரெய்னர் என்ற பெண்மணியின் பெயரை எங்கள் துறையில் மரியாதையோடுதான் சொல்வோம். நீங்கள் பொட்டலமாக வாங்கும் அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உரத்துக்கு அந்தப் பேரினப் பெயரை 1978-ல் சூட்டியவர்களில் அவரும் ஒருவர். 1988-ல் அவரும் அவரது உடன் ஆய்வாளரும் கரும்புக்குள்ளிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். இன்று அதன் பெயர் குளுக்கோனஅசிட்டோபாக்டர் டையசோட்ரோபிக்கஸ். விசித்திரமான பிராணி. பத்து சதவீதச் சர்க்கரைக் கரைசலில் பல பாக்டீரியாக்கள் தவித்துப் போகும். இது அதில் கொழுத்து வளரும். மண்ணில் தேடினால் அநேகமாகக் கையில் சிக்காது. கரணை வழியாகவே வயல்விட்டு வயல் போகிறது. கரும்புக்குள் இருந்தபடியே காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கவும் தெரியும். 1999-ல் இதே பாக்டீரியா தென்னிந்திய ராகி ரகங்களிலும் இருப்பதாக ஆய்வுக் கட்டுரை வந்தது. எனவே ராகிக்குள் தழைச்சத்தைப் பிடிக்கும் பாக்டீரியா வாழும் என்று உங்களிடம் யாராவது சொன்னால் அது பொய்யல்ல.

அது எவ்வளவு பிடிக்கும் என்பதில்தான் பேச்சு நழுவுகிறது. தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மானாவாரி ராகிக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 40 கிலோ தழைச்சத்து. ஏக்கருக்கு 16 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் இது சுமார் 35 கிலோ யூரியா, அதாவது 45 கிலோ மூட்டையில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் மேல். இப்போது பாக்டீரியாவை எடை போடுவோம். ஓர் ஏக்கர் ராகியில் ஈரவேர் ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராமுக்கு ஒரு கோடி என்று தாராளமான எண்ணிக்கையே கொடுக்கிறேன். ஒரு பாக்டீரியாவின் எடை ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பெருக்கிப் பார்த்தால் ஓர் ஏக்கர் வேருக்குள் இருக்கும் பாக்டீரியா மொத்தமும் சேர்ந்து பத்து கிராம். ஒரு தேக்கரண்டிக்குள் அடங்கும் சரக்கு. அது நூறு நாள் இரவு பகல் பாராமல் உச்ச வேகத்தில் உழைத்தாலும் பிடிக்கும் தழைச்சத்து கிராம் கணக்கில்தான் வரும். 16 கிலோவை எட்டாது. என் கணக்கு பத்து மடங்கு பிசகியிருந்தாலும் முடிவு மாறாது.

கடலையிலும் கொள்ளிலும் அவரையிலும் அப்படி இல்லையே என்று கேட்பீர்கள். அங்கே செடி தானாகவே முடிச்சு என்ற தனி அறை கட்டி, உள்ளே ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி, பாக்டீரியாவுக்குச் சர்க்கரையை ஊட்டி, அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக்கொள்கிறது. தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதற்காகத்தான் அந்த அறை. ராகிக்கு அந்தக் கட்டடக்கலை தெரியாது. நம் ஊரில் ராகிக்கு நடுவே மொச்சையும் துவரையும் சால் விட்டு விதைக்கும் வழக்கம் தழைச்சத்தைப் பொறுத்தவரை எந்தப் பாட்டிலையும்விட நம்பகமானது என்பது என் கருத்து. அந்தச் சாலை விட்டுவிட்டு ராகியை மட்டும் விதைத்துக்கொண்டு, தழைச்சத்துக்குத் திரவம் தேடுகிறோம்!

கரும்பில் மட்டும் இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. பிரேசிலில் சில ரகங்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்தே பெற்றதாகச் சோதனைகள் வந்தன. மற்ற இடங்களில் அந்த அளவு கிடைக்கவில்லை. பிரேசில்காரர்கள் பல தலைமுறைகளாகக் குறைந்த உரத்தில் வளரும் ரகங்களையே தேர்ந்தெடுத்து வந்தவர்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தழைச்சத்து உரத்தை அதிகமாகக் கொட்டினால் கரும்புக்குள் இந்தப் பாக்டீரியாவின் எண்ணிக்கை குறைகிறது என்பது பல ஆய்வுகளில் கண்டது. பாலக்கோடு பக்கம் கரும்பு வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அப்படியானால் இவற்றால் பயனே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். ஹார்மோன் என்பது மிகச் சிறிய அளவிலேயே வேலை செய்யும் பொருள். பத்து கிராம் பாக்டீரியா தழைச்சத்துக்குப் போதாது. ஆனால் வேரை வளரத் தூண்டும் ஆக்சினைச் சுரக்கத் தாராளமாகப் போதும். அசோஸ்பைரில்லத்தில் பெரும்பகுதி வேருக்கு வெளியே ஒட்டி வாழ்கிறது, சில ரகங்கள் உள்ளேயும் போகின்றன. அது கொடுக்கும் பலனில் பெரிய பங்கு இந்த ஆக்சினால் வருவது என்பதைத்தான் இப்போது பலரும் ஏற்கிறார்கள். பக்கவேரும் வேர்த்தூவியும் பெருகினால், மண்ணில் ஏற்கெனவே இருக்கும் ஈரத்தையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) நீங்கள் போட்ட யூரியாவையும் செடி கூடுதலாக எட்டிப் பிடிக்கும். வேறு சில பாக்டீரியாக்கள், வறட்சியில் செடி சுரக்கும் எத்திலீன் என்ற வாயுவின் மூலப்பொருளைத் தின்றுவிடுகின்றன. செடி பயந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்வது கொஞ்சம் தள்ளிப்போகிறது. ஆடியில் விதைத்துவிட்டு ஆவணியில் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் நமக்கு இந்தக் கொஞ்சமே பெரிது.

ராகியைப் பற்றியே ஓர் அழகான கண்டுபிடிப்பு இருக்கிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, 2016-ல் வெளியானது. ராகி வேருக்குள்ளிருந்து எடுத்த என்டரோபாக்டர் வகைப் பாக்டீரியா ஒன்று, ஃபியூசேரியம் பூஞ்சாணம் வேரைத் தாக்க வந்ததும் வேரைவிட்டு வெளியே வந்து அந்த இடத்துக்கு நகர்கிறது. அங்கே வேர்த்தூவிகளை அடர்த்தியாக வளரவும் வளைந்து அடுக்கடுக்காகப் படியவும் தூண்டுகிறது. அந்த அடுக்குகளுக்கு இடையில் பாக்டீரியா கூட்டம் கூட்டமாகத் தங்குகிறது. உள்ளே நுழையப் பார்க்கும் பூஞ்சாண இழை வேலிக்குள் மாட்டிச் சாகிறது. முதன்முதலில் இதை வாசித்தபோது, முள்வேலி அடைத்து வேலியோரம் ஆளையும் நிறுத்திய காடு மாதிரி இருக்கிறதே என்று சிரித்துக்கொண்டேன். ஆனால் இதைப் படித்துவிட்டு நம் ராகியின் குலை நோய்க்கும் இது தீர்வு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். குலை நோயைத் தருவது வேறு பூஞ்சாணம். அது இலையையும் கழுத்தையும் கதிரையும் தாக்குவது. அதற்கு எதிராக இந்தப் பாக்டீரியா வயலில் வேலை செய்யும் என்று காட்டப்படவில்லை.

உறுதியானது இவ்வளவு. இனி சந்தேகமானது. ஆய்வுக்கூடத்துத் தொட்டியில் 30 சதவீதம் வளர்ச்சி காட்டும் பாக்டீரியா, வயலுக்கு வந்தால் ஒரு வருடம் பலன் தரும், மறு வருடம் ஒன்றுமே தராது. வேகவைத்துக் கிருமி நீக்கிய தொட்டி மண்ணில் அதற்குப் போட்டியே இல்லை. வயலில் ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கான உயிர்களோடு மல்லுக்கட்ட வேண்டும். அமெரிக்காவின் வடமத்திய மாநிலங்களில், காற்றிலிருந்து தழைச்சத்துப் பிடிக்கும் என்று விற்கப்பட்ட பாக்டீரியாச் சரக்குகளைப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சோதித்து 2023-ல் அறிக்கை கொடுத்தன. 61 சோதனைகளில் 59-ல் விளைச்சல் கூடவில்லை. அவை பெரும்பாலும் உரம் தின்று பழகிய மக்காச்சோள வயல்கள். நம் மானாவாரிச் செம்மண்ணுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யூரியாவே வேண்டாம் என்ற பேச்சைக் கேட்டால் இந்த எண் என் நினைவுக்கு வந்துவிடுகிறது.

இன்னொரு பிரச்சினை பாட்டிலில் உயிர் இருக்கிறதா என்பது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விவசாயி என்னிடம் இரண்டு பொட்டலங்களைக் கொண்டுவந்தார். தகரக் கூரைக் கடையில் சித்திரை வெயிலில் கிடந்தவை. காலாவதி நாள் இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தட்டில் தடவிப் பார்த்தேன். குறிப்பிட்ட பாக்டீரியா ஒன்றுகூட வரவில்லை, ஏதோ ஒரு பூஞ்சாணம்தான் பச்சையாக வளர்ந்து நின்றது. உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-ல் உயிர் உரங்களையும் சேர்த்த பிறகு, அசோஸ்பைரில்லம் போன்றவற்றுக்குத் தூளாக இருந்தால் கிராமுக்கு 5 கோடி, திரவமாக இருந்தால் மில்லிக்கு 10 கோடி உயிருள்ள பாக்டீரியா இருக்க வேண்டும் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் பாட்டிலில் முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே இருப்பது எந்தப் பாக்டீரியா என்று பெயரோடு போட்டிருக்கிறதா, மில்லிக்கு எத்தனை, தயாரித்த நாள், காலாவதி நாள், தொகுதி எண். "சிறப்பு நுண்ணுயிர்க் கலவை" என்று மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்படிச் செய்வேன். யூரியாவை நிறுத்த மாட்டேன். வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கிடைக்கும் அசோஸ்பைரில்லம் 200 கிராம் பொட்டலம் ஒன்றை, ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து ஓர் ஏக்கருக்கான ராகி விதையில் புரட்டி, நிழலில் அரைமணி நேரம் உலர்த்தி, அன்றே விதைப்பேன். பூஞ்சாணக் கொல்லி கலப்பதாக இருந்தால் அதை முந்தின நாளே கலந்துவிட்டு, 24 மணி நேரம் கழித்துத்தான் பாக்டீரியா. இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கலப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காசு கொடுத்து வாங்கி, காசு கொடுத்தே கொல்கிறார்கள். கடைசி உழவில் ஏக்கருக்கு நாலு பொட்டலம், பத்து கிலோ தொழு உரம், பத்து கிலோ மண் சேர்த்துத் தூவலாம். மண்ணில் ஈரம் இருக்கும் அன்று தூவுங்கள். காய்ந்த புழுதியில் தூவுவது வீண்.

அந்த 900 ரூபாய்ப் பாட்டிலைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருந்தால், தவறில்லை, ஒரு லிட்டர் மட்டும் வாங்குங்கள். அதில் பாதியைப் பாத்திரத்தில் ஊற்றி அரைமணி நேரம் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். பாக்டீரியா பெரும்பாலும் செத்துவிடும், பாட்டிலில் சேர்த்திருக்கும் சத்துகளில் பெரும்பாலானவை அப்படியே இருக்கும். வயலில் ஒரே மாதிரி மண்ணாகப் பார்த்து ஒன்பது துண்டுகளை முளையடித்துப் பிரியுங்கள். மூன்றில் உயிருள்ள திரவம், மூன்றில் கொதிக்கவைத்தது, மூன்றில் வெறும் தண்ணீர். துண்டுகள் மாறி மாறி வர வேண்டும். மேட்டில் ஒன்றும் பள்ளத்தில் இன்னொன்றும் என்று ஒதுக்கினால் மண் காட்டும் வித்தியாசத்தை மருந்து காட்டியதாக நினைத்துவிடுவீர்கள். யூரியா எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. இருபத்தைந்தாம் நாளில் ஒவ்வொரு துண்டிலும் பத்துச் செடியை மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அலசி வேரை அருகருகே வைத்துப் பாருங்கள். அறுவடையில் தானியத்தையும் தட்டையையும் தனித்தனியாக எடை போடுங்கள். கொதித்ததும் கொதிக்காததும் ஒரே எடை காட்டினால் நீங்கள் பாக்டீரியாவுக்குப் பணம் கொடுக்கவில்லை. உயிருள்ளது மூன்று துண்டிலும் மற்றவற்றை மிஞ்சினால் அடுத்த ஆடியில் ஒரு துண்டில் யூரியாவைக் கால் பங்கு குறைத்துப் பாருங்கள். அதற்கு முன் குறைக்க வேண்டாம். மாறாக, பரிந்துரைக்கு மேல் யூரியா போடும் பழக்கம் உங்களுக்கு இருந்தால் அதை இந்த வருடமே குறைக்கலாம்; அதிகத் தழைச்சத்து குலை நோய்க்கு விருந்து வைப்பது போல.

முதல் கேள்விக்கு ஒரு வார்த்தை மிச்சம் இருக்கிறது, செடிக்குள் பாக்டீரியா நோய் அல்லவா என்றீர்களே. ராகியில் பயப்பட வேண்டாம். ஆனால் உங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் தக்காளி போட்டிருந்தால் அவரிடம் இதைச் சொல்லுங்கள்: தக்காளி வாடலை உண்டாக்கும் ரால்ஸ்டோனியாவும் செடிக்குள் வாழ்வதுதான், சில சமயம் அடையாளமே காட்டாமல் நாற்றோடு வயலுக்கு வந்துவிடும். இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று தொங்கினால், அடித்தண்டை ஒரு சாண் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீரில் நுனி மட்டும் படும்படி அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல வெள்ளை இழை கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். எந்தத் திரவத்தாலும் அந்தச் செடியைக் காப்பாற்ற முடியாது. மண்ணோடு பிடுங்கிக் காட்டுக்கு வெளியே எரித்துவிட்டு, அந்த இடத்தில் அடுத்த பட்டத்துக்குத் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வைக்காமல் ராகியே போடச் சொல்லுங்கள்.